அட்டக்கருப்பு சைக்கிள்

ஃபிரேம் கருப்பு, ஹேண்டில்பார் கருப்பு, செயின் கூடக் கருப்பு. கார்பன் சக்கரத்தில் கம்பெனிக்காரன் பெரிய வெள்ளை எழுத்தில் ஒட்டியிருந்த பெயரை மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, நகத்தால் உரித்து எடுத்தாயிற்று. டயர்தான் படுத்தியது. பந்தய சைக்கிளுக்குப் போடும் டியூபுலர் டயர் கேட்ட இடத்திலெல்லாம் ஓரம் பழுப்பாக இருந்ததைத்தான் காட்டினார்கள். கருப்பு ஓரம் கிடைக்கும்வரை சக்கரம் இரண்டும் பீரோ மேல் காத்திருந்தன.

எல்லாம் சேர்ந்து வண்டி என்று ஒன்று உருவானதும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

"ஏண்டா, நம்ம பால்காரர் வண்டியும் இதே கலர்தானே? அதுல கேரியராவது இருக்கு."

ஹெர்குலிஸ், அட்லஸ் என்று ஊர் முழுக்கக் கருப்பு சைக்கிளாகவே பார்த்து வளர்ந்த மனிதரிடம் என்ன பேசுவது?

இந்த டியூபுலர் டயரில் டியூபை உள்ளே வைத்து அடியில் தைத்தே மூடிவிடுவார்கள். ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்க விளிம்பு கிடையாது. பசைதான் பிடிமானம். ரிம் எடை குறையும், காற்று போனாலும் டயர் சட்டென்று கழன்றுவிடாது என்பதால் பந்தயக்காரர்களுக்கு ரொம்ப காலம் இதன் மேல் ஒரு காதல் இருந்தது. ஆனால் ஒட்டுகிற வேலை இருக்கிறதே! ரிம்மில் மெல்லிசாக ஒரு பூச்சு, ராத்திரி முழுக்கக் காயவிட்டு இன்னொரு பூச்சு, டயரின் அடியிலும் பூச்சு. வீடெல்லாம் சொல்யூஷன் வாடை. மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் வால்வை ஓட்டையில் நுழைத்து, இரண்டு கையாலும் டயரை இழுத்துக்கொண்டே கீழே வர வேண்டும். கடைசி ஒரு சாண் இருக்கிறது பாருங்கள், அது கட்டைவிரல் நகத்தைப் பதம் பார்க்காமல் உள்ளே போகாது.

பசை சரியாகப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் வாயை விட்டதுதான் வம்பாகிவிட்டது. 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஸ்பெயின் வீரர் ஜோசேபா பெலோக்கி ஒரு மலை இறக்கத்தில், வெயிலில் இளகிக் கிடந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்க, பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று, விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது.

"பிரான்ஸ்லயே தார் இளகுதா? அப்ப மெட்ராஸ்ல மே மாசம்?"

அன்றிலிருந்து காலையில் பேப்பர் படிக்கும் முன் டயரைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பது அவர் வேலை.

டயர் கழலவில்லை. ஈசிஆரில் கோவளம் தாண்டி முள் குத்தியது. சீட்டுக்கு அடியில் சுருட்டிக் கட்டியிருந்த மாற்று டயரை மாட்டி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். விலையை நினைத்தால் பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. தெருமுனை பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அப்படியும் இப்படியும் புரட்டினார்.

"டியூப் எங்க சார்?"

"உள்ள இருக்குண்ணே."

"உள்ளன்னா? எப்படி எடுக்கிறது?"

"தையலைப் பிரிக்கணும்."

லீவரைக் கீழே வைத்துவிட்டார். "தையல்னா அவரைத்தான் பார்க்கணும்" என்று எதிரே வேப்ப மரத்தடியில் செருப்பு தைக்கும் பெரியவரைக் காட்டினார்.

பெரியவர் எதற்கும் அசரவில்லை. அடியில் இருந்த துணி நாடாவை உரித்து, முள் குத்திய இடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் தையலைக் கத்தி நுனியால் ஒவ்வொன்றாக அறுத்து, டியூபை வெளியே இழுத்துக் கொடுத்தார். பஞ்சர் கடைக்காரர் மரத்தடிக்கே வந்து பேட்ச் ஒட்டினார். டியூபை உள்ளே தள்ளிய பெரியவர், ஊசியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நூல் வெள்ளையா, கருப்பா தம்பி?"

தையலுக்கு மேல் நாடா, நாடாவுக்கு மேல் பசை, அதற்கு மேல் ரிம். ஈ எறும்பு கூட அந்தத் தையலைப் பார்க்கப் போவதில்லை.

"கருப்பே போடுங்கய்யா."