மானியக் கோரிக்கை எண் 42

தலைமைச் செயலகத்தில் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையின் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகள் பிரிவு அலுவலராக இருந்தேன். அமைச்சர் என்பவரை நான் விழா மேடையில் பார்த்ததைவிட, குறிப்புக் கோப்பின் ஓரத்தில் ஒரு கையெழுத்தாகவோ, ‘பேசுக’ என்ற ஒற்றைச் சொல்லாகவோ பார்த்ததே அதிகம்.

கிராமத்துக்கென்று ஓர் அமைச்சர் இருக்கிறார் என்றால் கிராமத்தில் உள்ள எல்லாம் அவர் கையில்தான் இருக்கும் என்று மக்கள் நம்புவதில் தவறில்லை. ஆனால் கிராம நிருவாக அலுவலர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். நியாயவிலைக் கடை இன்னொரு துறை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நடத்தும் குடிநீர் வடிகால் வாரியம் நகராட்சி நிருவாகத் துறையின்கீழ் வருகிறது. அந்த நீரை ஊருக்குள் தெருத் தெருவாகக் கொண்டுசெல்லும் குழாய் மட்டும் ஊராட்சியினுடையது. ஆகவே ‘தண்ணீர் வரவில்லை’ என்ற இரண்டு சொல் மனு எந்தத் துறைக்கு உரியது என்று முடிவு செய்யவே சில நேரம் மூன்று கடிதங்கள் போக வேண்டியிருக்கும். ‘இத்துறை சார்ந்ததன்று’ என்று எழுதித் திருப்புவது எங்களுக்கு எளிது. நானும் நிறைய எழுதியிருக்கிறேன். நான் பணிபுரிந்த காலத்து அமைச்சர் ஒருவர் அந்தச் சொற்றொடரைக் கண்டாலே கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். மனுதாரர் தம்மிடம் வந்தார், துறையிடம் வரவில்லை என்பது அவர் வாதம். அப்போது எரிச்சலாக இருந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

ஆண்டுக்கொரு முறை எங்கள் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது துறைக்கு வேண்டிய நிதிக்கு ஒப்புதல் கேட்பது, எண் 42, பேரவைக்கு வரும். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கொள்கை விளக்கக் குறிப்பு, நிதியைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் தரும் வெட்டுத் தீர்மானங்களுக்கான விளக்கம், வரக்கூடிய துணை வினாக்களுக்கான குறிப்பு என்று பிரிவில் விளக்கு அணையாது. அப்படி ஓர் ஆண்டில், ஒரு கிராமத்துச் சிறுபாலத்தைப் பற்றிய வினாவுக்கு நான் வரைவு விடை தயாரித்தேன். அந்தச் சாலை ஊராட்சி ஒன்றியச் சாலை என்றும், மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது என்றும் மாவட்டத்திலிருந்து வந்த அறிக்கை சொன்னது. நானும் அப்படியே எழுதினேன். அமைச்சர் அதைப் படித்து முடித்ததும் வினா எழுப்பிய உறுப்பினர் எழுந்து, அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு ஒப்படைக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றார். அலுவலர் மாடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை சில்லிட்டது. துண்டுச் சீட்டில் எழுதி அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. அமைச்சர் கொஞ்சமும் தடுமாறாமல், சரிபார்த்து அவைக்குத் தெரிவிப்பதாகச் சொல்லி அமர்ந்தார்.

மாலையில் அழைப்பு வந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்துப் போனேன். “சாலைப் பதிவேட்டைப் பார்த்தீங்களா, இல்ல மாவட்டம் அனுப்புனதை அப்படியே எழுதிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். “பார்க்கலைங்க ஐயா” என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். மறுநாள் அவையில் தவறான தகவல் தந்ததற்கு அவரே வருத்தம் தெரிவித்தார். என் பெயரோ, அறிக்கை அனுப்பிய அலுவலகத்தின் பெயரோ அவர் வாயிலிருந்து வரவில்லை. தாம் பார்த்திராத ஒரு சாலைக்கு, தாம் எழுதாத ஒரு விடைக்கு அவையில் எழுந்து நிற்பவர் அவர் என்பதை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

பணத்தில் அவருக்குள்ள அதிகாரமும் வெளியே தெரிவதைவிடக் குறைவு. உள்ளாட்சிகளுக்கான மாநில நிதி ஆணைய மானியம் சூத்திரப்படி பிரிகிறது. நான் பணியில் இருந்த காலத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் திறன்சாராப் பணிக்கான கூலி முழுவதும் மத்திய அரசிடமிருந்து வர வேண்டியிருந்தது; பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், டெல்லியிலிருந்து நிதி தாமதமானால் ஏச்சு வாங்கியது இங்குள்ள அமைச்சர். எஞ்சி நிற்பது முன்னுரிமை மட்டுமே. எந்த ஒன்றியத்துச் சாலை இந்த ஆண்டுப் பட்டியலில், எது அடுத்த ஆண்டில் என்பது. சிறிய அதிகாரம் போலத் தோன்றும். ஆனால் மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போக முடியாத ஊருக்கு ஓர் ஆண்டு என்பது சிறியதன்று.

இன்னொரு வகைக் கோப்பும் உண்டு, யாரும் பேசாதது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் ஒரு கிராம ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கம் செய்யலாம். நீக்கப்பட்டவர் அரசிடம் முறையிடுவார். அந்தக் கோப்பு மேலே, அமைச்சரிடம் போகும்போது கூடவே தொலைபேசி அழைப்புகளும் போகும். சட்டத்தையும் கட்சிக்காரரின் முகத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய இக்கட்டு அது. எல்லாரும் சரியாக நடந்துகொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சில கோப்புகள் திரும்பி வரவே இல்லை.

ஆனால் அமைச்சர் பதவியின் தன்மையை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது 2016 அக்டோபருக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகள்தாம். உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளும் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. அதைக் கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்களுக்கே தனிக் கோப்பு திறந்தோம். வார்டு உறுப்பினரிடம் வாசலில் நின்று சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டிய தெருவிளக்கு, அடைத்த சாக்கடை, பழுதான மோட்டார் எல்லாம் மனுவாகி, அமைச்சர் அலுவலக முத்திரையோடு என் மேசையில் வந்து குவிந்தன. ஒரு மனுவில் மின்கம்பத்தின் எண்ணைக்கூட எழுதியிருந்தார்கள். அந்தக் கம்பத்துக்கும் கோட்டைக்கும் இடையே இருக்க வேண்டிய ஆள் எவரும் இல்லை.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்து, அடுத்த மாதம் தலைவர்கள் பதவியேற்றார்கள். சில வாரங்களிலேயே அந்த மாவட்டங்களின் தெருவிளக்கு மனுக்கள் குறைந்தன. தேர்தல் நடக்காத மற்ற ஒன்பது மாவட்டங்களிலிருந்து 2021 அக்டோபர் வரை அவை வந்துகொண்டே இருந்தன.