ஓட்ட ஓட்டக் காலியாகும் பேட்டரி

மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு. ஒன்று இன்ஜினைக் கிளப்புவதற்கு. மற்றது வீட்டு பேட்டரி: விளக்கு, தண்ணீர் பம்ப், மின்விசிறி, கைப்பேசி என்று உள்ளே குடித்தனம் நடத்துவதற்கு. வண்டி ஓடும்போது, இன்ஜின் சுற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் சார்ஜ் செய்ய வேண்டும். இன்ஜின் நின்றதும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இரண்டையும் பிரித்துவிட வேண்டும். அப்போதுதான் இரவெல்லாம் விளக்கை எரியவிட்டவரும் காலையில் வண்டியைக் கிளப்ப முடியும். இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு எங்கள் வண்டியில் தலைகீழாக நடந்தது. ஓட்ட ஓட்ட வீட்டு பேட்டரி காலியானது.

இதை முதலில் சொன்னவள் என் மனைவி. மின் இணைப்புள்ள முகாமிலிருந்து முழு சார்ஜுடன் கிளம்பி, கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் இரவு நிம்மதியாகக் கழிகிறது. பகல் முழுவதும் ஓட்டி நிறுத்தினாலோ பல் துலக்கும்போதே பம்ப் முனகுகிறது. "ஓட்டுவதுதான் பேட்டரிக்கு ஆகவில்லை" என்றாள்.

உடன் வந்திருந்த மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், சிரிசிரியென்று சிரித்தார். "வண்டி ஓடினால் பேட்டரி ஏறும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளை, பேட்டரி செத்துவிட்டது. புதிது வாங்குங்கள்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

வாகனத்தில் எது கெட்டாலும் முதலில் கைதாவது பேட்டரிதான். விசாரணை எல்லாம் பிறகு. வண்டிக்குள் இருப்பவற்றில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் தெரிந்த ஒரே பொருள் அதுவாக இருப்பதுதான் காரணம் என்பது என் கட்சி.

பேட்டரிக்காக நானே வாதாட வேண்டியதாயிற்று. இரவு முழுவதும் முகாமின் மின் இணைப்பில் சார்ஜ் ஏற்றி, பிறகு எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் சும்மா விட்டேன். சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் வரும் எண்ணை நம்பக் கூடாது. தட்டுகளின் மேற்பரப்பில் தங்கும் சார்ஜ் சிறிது நேரத்துக்குப் பெருமையான எண்ணைக் காட்டும். பொறுத்திருந்து அளந்தபோது மல்டிமீட்டர் 12.7 வோல்ட் காட்டியது. ஈய அமில பேட்டரிக்கு அது முழு வயிறு. 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். ஆறு செல்களில் ஒன்று செத்திருந்தால் 10.5 அளவில் நின்றிருக்கும். அடுத்து எல்லா விளக்கையும் போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, பம்பையும் திறந்துவிட்டேன். எண் மெதுவாக, மரியாதையாக இறங்கியது. செத்த பேட்டரி பாரம் ஏற்றியதும் சரிந்து விழும், இது விழவில்லை. ஆகவே குற்றவாளி இது அல்ல.

"மீட்டர் பொய் சொல்லலாம்" என்றார் மச்சான்.

பக்கத்து வண்டிக்காரர் தேநீர்க் கோப்பையுடன் வந்து எட்டிப் பார்த்தார். முகாம்களில் ஒரு வண்டியின் மூடி திறந்தால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள். நால்வரிடமும் நாலு நோய்ப் பெயர்கள் இருக்கும். இவருடையது ரிலே. இன்ஜினைக் கிளப்பச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். "டக்" என்று சத்தம் வந்தது. "சத்தம் வருகிறது, ஆனால் சரியில்லை" என்றார். இதை முழுக்கப் பிதற்றல் என்று தள்ள முடியாது. சத்தம் வந்தால் உள்ளே காந்தச் சுருள் இழுக்கிறது என்று மட்டும்தான் பொருள். தொடுமுனைகள் கருகியிருந்தால் சத்தம் வரும், மின்சாரம் வராது. மச்சான் புதிய ரிலே ஒன்றை வாங்கி வந்து, ஒரு பிற்பகல் முழுவதையும் அதற்குக் கொடுத்து, மாட்டினார். இதுவும் "டக்" என்றது. அன்றிரவும் பம்ப் முனகியது.

இன்னொருவர் ஆல்டர்னேட்டரைச் சந்தேகித்தார். புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் தானாகவே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அதனால் வீட்டு பேட்டரி பட்டினி கிடக்கும். அவற்றில், குறைந்த வோல்டேஜை உயர்த்தி பேட்டரிக்குக் கொடுக்கும் டிசி டிசி சார்ஜர் வைப்பதுதான் வழி. ஆனால் எங்களுடையது அந்தச் சாமர்த்தியங்கள் வருவதற்கு முந்தைய வண்டி. இன்ஜின் ஓடும்போது அதன் பேட்டரியில் 14.2 வோல்ட் ஆடாமல் நின்றது. ஃபியூஸையும் பார்த்தோம். அதைக் கண்ணால் பார்ப்பது வீண்; மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் மீட்டரை வைத்துப் பார்த்தோம். நன்றாக இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பச்சை விளக்கு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. கதவருகே உள்ள கட்டுப்பாட்டுப் பலகையில், பேட்டரி படத்துக்குப் பக்கத்தில், இன்ஜின் ஓடும்போதெல்லாம் எரியும். சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தமாம். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் காவலாளி அது. அதற்குப் போகும் கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது என்ற சமிக்ஞை மட்டும்தான் அதற்கு வருகிறது. பேட்டரிக்குள் ஏதாவது போகிறதா என்று அதற்குத் தெரியவும் தெரியாது, கவலையும் இல்லை.

ஊகங்கள் போதும் என்று வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்பதைத் தேடத் தொடங்கினேன். இன்ஜின் ஓட வேண்டும், வழக்கமாக ஓடும் எல்லாமும் ஓட வேண்டும்; அது முக்கியம். இன்ஜின் பேட்டரியில் 14.2. வீட்டு பேட்டரியில் 12.4. வழியில் 1.8 வோல்ட் காணவில்லை. மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை வீட்டு பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தேன்: 0.1. அதாவது கேபிள், ஃபியூஸ், ரிலே என்று நாங்கள் சந்தேகித்த அத்தனை பேரும் சேர்ந்து தின்றது அவ்வளவுதான். அடுத்து நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு: 1.7.

அங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம் வர வேண்டும். வந்த மின்சாரம் திரும்பியும் போக வேண்டும் என்பதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். வண்டிக்கு அடியில் படுத்ததும் மறந்துவிடுகிறோம். சிவப்புக் கம்பிக்கு இருக்கும் மரியாதை கறுப்புக் கம்பிக்குக் கிடையாது.

மச்சானுக்குக் கோபம். "அந்தக் கறுப்பு எர்த் கம்பியை நான் சோதித்தேனே, மீட்டர் பீப் என்று கத்தியதே!" உண்மைதான், கத்தியது. பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது துளி மின்னோட்டம். பல மீட்டர்களில் சில பத்து ஓம் தடை இருந்தாலும் பீப் வரும். எங்களுக்கு இரவைக் கெடுத்த தடை ஓமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜார்ஜ் ஓம் 1827இல் அச்சேற்றிய விதிதான்: மின்னோட்டம் ஓடினால்தான் தடை வோல்டேஜைத் தின்னும். இன்ஜினை அணைத்துவிட்டு அதே இரண்டு நெகட்டிவுக்கும் நடுவில் அளந்து காட்டினேன். பூஜ்யம். வேலை நடக்கும்போது மட்டும் திருடுபவனை விடுமுறை நாளில் தேடினால் எப்படிக் கிடைப்பான்?

வீட்டு பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் இருக்கைக்கு அடியில் போய், ஒரு போல்ட்டில் வண்டியின் சட்டத்தோடு சேர்கிறது. மின்சாரம் திரும்பிப் போகும் வழி அந்தச் சட்டம்தான். தொட்டுப் பார்த்தேன். போல்ட் சூடாக இருந்தது. மேலே பார்க்க இறுக்கமாக, அழகாகத்தான் இருந்தது. கழற்றினால் அடியில் பெயின்ட். பெயின்ட்டுக்கு மேல் துரு. கேபிளின் நுனி வளையத்துக்கும் உலோகத்துக்கும் உறவே இல்லை. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது.

என் மனைவியின் விதி அப்போதும் மிச்சமிருந்தது. மோசமான எர்த் என்றால் சார்ஜ் மெதுவாகத்தானே ஏற வேண்டும். ஏன் இறங்க வேண்டும்? நல்லவேளை, கழற்றுவதற்கு முன்பே, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தைச் சொல்லும் கிளாம்ப் மீட்டரால் அளந்து வைத்திருந்தேன். காரணம் குளிர்சாதனப் பெட்டி. எங்களுடையது எரிவாயு, 230 வோல்ட், 12 வோல்ட் என மூன்றிலும் வேலை செய்யும் வகை. இன்ஜின் ஓடும்போது மட்டும் 12 வோல்ட்டுக்கு மாறி, ஏறக்குறைய 170 வாட், அதாவது 14 ஆம்பியர் இழுக்கும். வீட்டு பேட்டரி இருக்கும் பக்கத்திலிருந்துதான் அதற்குக் கம்பி போகிறது. அந்தத் துருப்பிடித்த போல்ட் வழியாக ஆல்டர்னேட்டரால் அனுப்ப முடிந்தது 9 ஆம்பியர். மீதி 5 ஆம்பியரை வீட்டு பேட்டரி தன் கையிலிருந்து கொடுத்தது. எட்டு மணி நேரம் ஓட்டினால் 40 ஆம்பியர் மணி போய்விடும். எங்களுடையது 100 ஆம்பியர் மணி பேட்டரி. இரவு தொடங்கும் முன்பே பாதியை நெருங்கிவிடுகிறது. முகாம் இணைப்பில் பெட்டி 230 வோல்ட்டுக்குத் தாவிவிடும், சார்ஜரும் நேராக பேட்டரிக்கே போகிறது. அங்கே எல்லாம் சுகம்.

ஓட்டுவதுதான் பேட்டரிக்கு ஆகவில்லை. சொன்னது அப்படியே சரி. ஓடிய நேரமெல்லாம் 15 வாட் செலவழித்து ஒரு போல்ட்டுக்குக் குளிர்காய ஏற்பாடு செய்திருந்தோம்.

சரிசெய்த வேலையில் சொல்வதற்கு அதிகமில்லை. முதலில் முகாம் இணைப்பைத் துண்டித்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாசிட்டிவைத் தொடும் ஸ்பானர் சட்டத்திலும் பட்டுத் தீபாவளி கொண்டாடும். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளக்கும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, வெளியே கிரீஸ் பூசினேன். இன்ஜினைக் கிளப்பினோம். நெகட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் 0.1. வீட்டு பேட்டரியில் 13.8. பெட்டி தன் 14 ஆம்பியரை எடுத்துக்கொண்டது. பேட்டரிக்குள்ளும் 16 போனது. பச்சை விளக்கு வழக்கம்போல எரிந்தது. முதல் முறையாக உண்மை சொன்னது, தற்செயலாக.

பழைய ரிலேயைத் துடைத்து, உதிரிப் பாகமாக இழுப்பறையில் வைத்தாயிற்று. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் முதலிலேயே பேட்டரி என்று சொன்னேனே" என்றார் மச்சான். "நெகட்டிவ் டெர்மினல் பேட்டரியில் சேர்த்தியில்லையா, மாப்பிள்ளை?"