எஞ்சின் லைட்டை அணைத்துவிட்டு அப்புறம் காரணம் தேடாதீர்கள்

எங்கள் காரில் எரிந்த ஒரு மஞ்சள் எஞ்சின் லைட்டுக்காகப் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த 300 கிலோமீட்டர் பெட்ரோலும், தேவையே இல்லாமல் மாற்றிய ஆக்சிஜன் சென்சாரின் விலையும் வீண். கடைசியில் கெட்டிருந்தது ஒரு ரப்பர் சவ்வு. செகண்ட் ஹேண்டில் ஜெர்மன் டர்போ பெட்ரோல் கார் வாங்கியவர்களுக்கு இந்த அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

உள்ளூர் பட்டறையில் ஸ்கேனரைச் சொருகியதும் பி0171 என்ற கோளாறு எண் (கோட் நம்பர்) வந்தது. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதுதான் அதன் பொருள். ஆனால் "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்று சொல்லிப் புதுசு போட்டு, கோட் நம்பரையும் அழித்துவிட்டார்கள். நாலாவது நாள் லைட் திரும்ப எரிந்தது. மறுபடி அழித்துவிட்டு, "சென்னையில காட்டிருங்க சார்" என்றார்கள். அங்கே ஸ்கேன் செய்தால் எதுவும் இல்லை. "கோட் இல்லாம என்ன பாக்கறது சார், லைட் எரியும்போது கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது மரக்காணம் தாண்டியதும் லைட் எரிந்தது.

முதல் தப்பு சென்சார் இல்லை, அழித்ததுதான். கோட் நம்பர் பதிவாகும் அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகம், ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) என்ன என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் சேர்த்தே எழுதி வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது இதுதான். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் ஸ்கேனர் திரையை போனில் படம் எடுக்காமல் யாரையும் 'கிளியர்' பட்டனைத் தொட விடாதீர்கள். பேட்டரி கம்பியைக் கழற்றி மாட்டும் பழைய வைத்தியமும் வேண்டாம்.

கார் கம்ப்யூட்டரைப் போனில் படிக்க உதவும் சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவியே இதற்குப் போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ஏபிஎஸ், கியர்பாக்ஸ் வரை படிக்கத்தான் ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களுக்கு விசிடிஎஸ், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி என்று தனித்தனி மென்பொருள் தேவை.

பி0171 வந்தால் உடனே எதையும் கழற்றாதீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ரெய்ஸ் கொடுக்காமல் ஓடும்போது) ஷார்ட் டேர்ம் (உடனடி), லாங் டேர்ம் (நாள்பட்ட) ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் நல்லது, 10 வரை பரவாயில்லை. இந்த வண்டியில் ஐடிலில் +24 காட்டியது. 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தியபோது +5க்கு இறங்கியது. நோய் எங்கே என்று இந்த இறக்கமே சொல்லிவிடுகிறது: காற்றுக் கசிவு. கசிவு வழியாக நுழையும் காற்று ஐடிலில் மொத்தக் காற்றில் பெரிய பங்கு. ரெய்ஸ் கொடுத்தால் எஞ்சின் நிறையக் காற்று இழுப்பதால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். ரெய்ஸ் கொடுக்கக் கொடுக்க ட்ரிம் ஏறினால் கதை வேறு: பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கான காற்று அளவி என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

மூலக்குளம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருந்த பெரியவர் ஸ்கேனரை எடுக்கும் முன்பே பானெட்டைத் திறந்து காது கொடுத்தார். மெல்லிய விசில் சத்தம். ஐடிலில் ஆயில் மூடியைத் தூக்கப் பார்த்தால் உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் ஒட்டிக்கொண்டது. நல்ல எஞ்சினில் லேசான உறிஞ்சல் மட்டும்தான் இருக்கும். டிப்ஸ்டிக்கை உருவியதும் விசில் நின்றது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உறிஞ்சவிடும் பிசிவி வால்வு எஞ்சின் மேல் இருக்கும். அதன் சின்னத் துளையை விரலால் அடைத்தார், அப்போதும் நின்றது. ஸ்கேனரில் ஷார்ட் டேர்ம் ட்ரிம் கண்ணெதிரே இறங்கியது. அந்த வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்து, காற்று அளவியைத் தாண்டிக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆக்சிஜன் சென்சார் பாவம், நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தது.

விசில் கேட்காத வண்டிக்கு, உள்ளே புகை செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கசிவு தேடுகிறேன் என்று சூடான எஞ்சின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

வால்வு மாற்றுவது அரை மணி நேர வேலை. ஸ்பேரை மாடல் பெயர் சொல்லி வாங்காமல் சேசிஸ் நம்பர் கொடுத்து வாங்குங்கள், ஒரே எஞ்சினுக்கு இரண்டு மூன்று வகை உண்டு. சில கார்களில் சவ்வு வால்வு கவருக்குள்ளேயே இருப்பதால் கவரோடு மாற்றச் சொல்வார்கள். அங்கே விலை எகிறும், ஆனால் ஏமாற்று இல்லை.

கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் இதற்கெல்லாம் முன்பு எர்த் கம்பியையும் சென்சார் கனெக்டர்களையும் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்துப்போயிருந்தால் சம்பந்தமில்லாத கோட் நம்பர்கள் வரிசையாக வரும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் அப்படித்தான். வண்டி ஆஃபில் சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப் பட்டறை சேரலாம். மின்னி மின்னி எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். சிலிண்டர் சரியாக எரியாத மிஸ்ஸிங்கில், மிஞ்சும் பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். அதன் விலையைக் கேட்டால் வால்வு விலை நினைவுக்கே வராது.

பிஒய் (புதுச்சேரிப் பதிவு) நம்பர் பிளேட்டோடு சொகுசு கார் விலைக்கு வரும்போது இரண்டு விஷயம் பாருங்கள். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது எஞ்சின் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கலாம். அடுத்து, கோட் அழித்தபின் ஓடிய தூரத்தைப் பல ஸ்கேனர்கள் காட்டும். அது 20 கிலோமீட்டர் என்று வந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காகவே காலையில் அழித்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

வால்வு போட்ட பிறகுதான் கோட்டை அழித்தோம். கடலூர் மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்பியபின் ஸ்கேனரைச் சொருகினால், பெண்டிங் பட்டியல் (லைட் எரியும் முன்பே பதிவாகும் கோட்கள்) காலி. ஐடிலில் ட்ரிம் +2.