மாடி வீட்டு அண்ணனுக்கு ஒரு தளபதி

நானும் தம்பியும் போனில் "கிளாஸ்" பற்றிப் பேசும்போதெல்லாம், நாங்கள் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறோம் என்றுதான் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. முப்பத்தாறு வயதுப் பெண் சனிக்கிழமை சாயங்காலம் டிராகன் மாதிரி உறுமிக்கொண்டிருக்கிறாள் என்பதைவிட, டிபார்ட்மெண்ட் பரீட்சை என்பது கேட்க நன்றாக இருக்கிறது.

மடிப்பாக்கத்தில் என் வீட்டு டைனிங் டேபிளில்தான் ஆட்டம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, ஐந்தாம் பதிப்பு. ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. நான் டி.எம்., அதாவது கதையை நடத்துபவள். ஆட நான்கு பேர். தம்பி ரோக், அதாவது திருட்டுக் கை; சித்தி பெண் விஸார்ட், அதாவது மந்திரவாதி. மருந்துக் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழி கிளெரிக், சாமி பேரைச் சொல்லிக் காயம் ஆற்றுபவள். மாடி வீட்டு அண்ணன் ஃபைட்டர், சண்டைக்காரர். அவர் வங்கியில் வேலை பார்க்கிறார், எங்கள் எல்லோருக்குமே அவர் அண்ணன்தான்.

ஆடாதவர்களுக்காக ஒரு வரி: கிளாஸ் என்பது உங்கள் கதாபாத்திரத்தின் தொழில். வாள் வீசுபவரா, மந்திரம் போடுபவரா, பூட்டைத் திறந்து உள்ளே நுழைபவரா என்பதை அதுதான் முடிவு செய்யும். 2014 விதிப்புத்தகத்தில் பன்னிரண்டு இருந்தன. 2019-ல் மந்திரக் கருவிகள் செய்யும் ஆர்ட்டிஃபைசர் வந்து பதின்மூன்றாயிற்று. 2024-ல் புத்தகத்தைப் புதுப்பித்தபோதும் உள்ளே அதே பன்னிரண்டுதான். என் மேசையில் இருக்கும் நால்வரில் மூன்று பேருக்கு இது போதவில்லை.

போதாமல் போவது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 1974-ல் வந்த முதல் பெட்டியில் மூன்றே கிளாஸ்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். அதில் கிளெரிக்கே ஒரு புகாரில் பிறந்ததுதான். இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசனின் மேசையில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக ஆடி, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டார். அவரை அடக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, சிலுவையோடு கிளெரிக் வந்தார். அடுத்த வருடமே திருடன், பாலடின், மாங்க் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். யாரோ ஒருவர் மேசையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கிளாஸ் பிறக்கும் போலிருக்கிறது.

என் மேசையில் முதலில் முறைத்தது மருந்துக் கடைத் தோழி. கிளெரிக்காக ஆடி அவளுக்கு அலுத்துவிட்டது. "சாமி கும்பிட்டு காயத்தை ஆத்துறது எனக்கு ஒத்து வரல. நான் மருந்து கலக்கணும்" என்றாள். ஆர்ட்டிஃபைசரில் ஆல்கெமிஸ்ட் என்று ஒரு சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு, இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அதில் காலையில் எழுந்து கஷாயம் தயாரித்தால் அது என்ன கஷாயம் என்பதைப் பகடைதான் சொல்லும். ஆறு முகப் பகடை, ஆறு விளைவு. வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் மந்திர சக்தியில் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். "சீட்டுக் குலுக்கிப் போட்டு மருந்து குடுத்தா என் லைசென்ஸ் என்ன ஆகும் தெரியுமா?" நியாயமான கேள்வி. இதே மாதிரியான இன்னொரு விளையாட்டு பாத்ஃபைண்டர். அதன் இரண்டாம் பதிப்பின் ஆல்கெமிஸ்ட்டில் மந்திரமே கிடையாது, குறிப்பேட்டில் இருக்கும் சூத்திரப்படி குண்டும் மருந்தும் செய்யலாம். அதைக் காட்டியதிலிருந்து அவளுக்கு அதுவேதான் வேண்டுமாம். ஒரு ஆளுக்காக எல்லோரும் வேறு விளையாட்டுக்கு மாற முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சித்தி பெண்ணுக்கு வேண்டியது சையான். மந்திரப் புத்தகம் இல்லாமல், மனதாலேயே பொருளை நகர்த்தும் ஆள். 1976-லேயே இந்த விளையாட்டில் மனோசக்திக்கு விதிகள் இருந்தன. ஐந்தாம் பதிப்பில் மிஸ்டிக் என்று ஒரு கிளாஸைச் சோதனைக்கு விட்டு, பிறகு கைவிட்டார்கள். 2020-ல் அந்தச் சக்தியைப் பிய்த்து ஃபைட்டருக்குக் கொஞ்சம், ரோக்குக்குக் கொஞ்சம் என்று சப்கிளாஸ்களாகப் பங்கு போட்டார்கள். 2025-ல் மறுபடி சையானைச் சோதனைக்கு விட்டார்கள். அதனால் அவளிடம் "பொறு கண்ணு" என்று மட்டும் சொன்னேன். தம்பிக்கு எதுவும் வேண்டாம். ரோக்காகப் பிறந்தவன், ரோக்காகவே இருப்பான்.

என்னைப் படுத்தியவர் அண்ணன்தான்.

அவர் 2009-ல் பெங்களூரில் வேலை பார்த்தபோது நான்காம் பதிப்பு ஆடியவர். 2008-ல் வந்த அந்தப் பதிப்பின் முதல் புத்தகத்திலேயே வார்லார்ட் என்று ஒரு கிளாஸ் உண்டு. கையில் ஆயுதம் இருக்கும், மந்திரம் இருக்காது. ஆனால் வார்லார்டின் உண்மையான ஆயுதம் வாய். தன் முறை வரும்போது, தான் வெட்டாமல் பக்கத்தில் இருப்பவரை வெட்டச் சொல்லலாம். விழப்போகிறவரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தால் அவருக்கு உயிர் திரும்பும். ஐந்தாம் பதிப்பில் இந்தக் கிளாஸே இல்லை. புதிய கிளாஸ் என்ன வேண்டும் என்று எந்த டி அண்ட் டி கூட்டத்தில் கேட்டாலும், வார்லார்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு குரலாவது எழும். எங்கள் கட்டடத்தில் அது மாடியிலிருந்து எழுகிறது.

இதில் ஒரு பழைய சண்டை இருக்கிறது. எங்கள் மேசையிலும் அது தவறாமல் நடந்தது.

"கத்தினா காயம் ஆறிடுமாண்ணா? அப்ப நான் கடையைச் சாத்திடறேன்" என்றாள் தோழி.

"எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தா எல்லாக் காயமும் ஆறிடுதே, அதுக்கு நீ ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் அண்ணன்.

கட்சி அண்ணனுடையதுதான் வலுவானது. அடிபட்டால் குறையும் ஹிட் பாயிண்ட் என்ற உயிர்க் கணக்கு வெறும் சதையும் ரத்தமும் இல்லை; சாமர்த்தியம், அதிர்ஷ்டம், தெம்பு எல்லாம் சேர்ந்தது என்று விளையாட்டை உருவாக்கிய இன்னொருவரான கேரி கைகாக்ஸ் 1979-லேயே டி.எம். கையேட்டில் விளக்கியிருக்கிறார். தெம்புதான் என்றால், ஒரு அதட்டலில் தெம்பு வரத்தானே செய்யும்? பத்தாம் வகுப்பில் எங்கள் பி.டி. மாஸ்டர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம் போட்டால், மயங்கி விழப்போன பிள்ளைகள் இன்னும் இரண்டு சுற்று ஓடியிருக்கிறோம்.

ஃபைட்டரில் பேட்டில் மாஸ்டர் என்ற சப்கிளாஸை எடுத்தால் வார்லார்டின் சாயல் கொஞ்சம் கிடைக்கும். அண்ணன் அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு உத்தரவுக்கு ஒரு பகடை செலவு, ஆரம்பத்தில் நான்கு பகடைதான். நான்கு முறை உத்தரவு போட்டால் தீர்ந்தது. ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் திரும்ப வரும். "நாலு தடவை சொன்னா வாய் வலிக்குமாம்மா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, தெருவில் கிரிக்கெட் ஆடிய காலத்தைப் பற்றிச் சொன்னார். அவருக்கு பேட்டிங் வராது, பந்தும் போடத் தெரியாது. ஆனாலும் கேப்டன் அவர்தான். யாரை எங்கே நிறுத்துவது, யாருக்கு எப்போது ஓவர் கொடுப்பது என்பது அவருக்குத் தெரியும். "நான் அடிக்கணும்னு இல்லம்மா. நான் சொல்லி இன்னொருத்தன் அடிக்கணும்" என்றார். அதற்குப் பிறகு எப்படி முடியாது என்று சொல்வது?

ஒரு மாதம் உட்கார்ந்து நானே ஒரு ஹோம்பிரூ கிளாஸ், அதாவது புத்தகத்தில் இல்லாத சொந்தச் சரக்கு, எழுதினேன். பெயர் தளபதி. நான்கு பக்கம். முக்கியமான விதி ஒன்று: தன் முறை வரும்போதெல்லாம், எண்ணிக்கை வரம்பில்லாமல், தோழர் ஒருவருக்கு உத்தரவிடலாம், அவர் உடனே ஒரு தாக்குதல் செய்யலாம். ஐந்தாம் லெவல் பாத்திரங்களை வைத்து, ஒரு பாலத்தில் ஹாப்காப்ளின் என்ற அரக்க வீரர்கள் எட்டுப் பேரை நிறுத்திச் சோதனை போட்டேன்.

நான் மறந்த விஷயம் தம்பி மறக்காத விஷயம். ரோக்கின் ஸ்னீக் அட்டாக், அதாவது அசந்த நேரத்தில் விழும் கூடுதல் அடி, ஒரு சுற்றுக்கு (எல்லோரும் ஒரு தரம் ஆடி முடிப்பதற்கு) ஒரு தடவை என்று விதியில் இல்லை. ஒருவருடைய முறைக்கு ஒரு தடவை என்றுதான் இருக்கிறது, அது யாருடைய முறையானாலும் சரி. தன்னுடைய முறையில் மூன்று பகடை கூடுதலாக உருட்டினான். அண்ணனின் முறையில் உத்தரவு வந்தது, இன்னொரு மூன்று. ஒரு ஹாப்காப்ளினுக்கு இருப்பதே பதினொரு ஹிட் பாயிண்ட். மூன்று சுற்றில் பாலம் காலி.

கதைக்குள் மூன்று சுற்று என்றால் பதினெட்டு நொடி. எங்கள் மேசையில் அதற்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு உத்தரவுக்கும் குடியிருப்போர் சங்கக் கூட்டம்தான். "எனக்குச் சொல்லுண்ணா" என்று தம்பி, "அவன் வேண்டாம், இடது பக்கம் ஆளைப் பாருங்க" என்று தோழி. அண்ணனோ ஒவ்வொருவரும் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். விஸார்டுக்கு ஒரு உத்தரவுகூட வரவில்லை, ஏனென்றால் தடியால் அடிக்கும் விஸார்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. சித்தி பெண் பாதியிலேயே போனை எடுத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான்கு பேர் ஆட வந்திருக்கிறார்கள், ஆடியது ஒருவர்தான்.

2025-ல் பாத்ஃபைண்டரில் வந்த கமாண்டர் கிளாஸைப் படித்த பிறகு கொஞ்சம் தெளிவு வந்தது. அதில் உத்திகளை முன்கூட்டியே தோழர்களோடு பழகி வைக்க வேண்டும். அந்த யோசனையை எடுத்து என் நான்கு பக்கத்தை அடித்துத் திருத்தினேன். இப்போது தளபதி காலையிலேயே இரண்டு வியூகம் தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். சண்டையில் வியூகத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் மட்டும்தான் சொல்லலாம். அடிப்பதா, நகர்வதா, சின்ன மந்திரம் போடுவதா என்பது அந்த ஆளின் இஷ்டம். அதே ஆளை அடுத்தடுத்து இரண்டு தடவை கூப்பிட முடியாது. உத்தரவில் அடித்தால் ஸ்னீக் அட்டாக் கிடையாது.

கடைசி விதியைப் படித்துவிட்டு "இது எனக்காகவே எழுதினதுக்கா" என்றான் தம்பி. ஆமாம் என்றேன்.

போன சனிக்கிழமை அதே பாலம், அதே எட்டுப் பேர். ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. அண்ணன் முதல் உத்தரவையே விஸார்டுக்குக் கொடுத்தார். அவள் யோசிக்காமல் ஒரு நெருப்புத் துளியை வீசி, பாலத்தின் கயிற்றைக் கொளுத்திவிட்டாள். ஐந்து ஹாப்காப்ளின்களும் அண்ணனும் ஆற்றில். தண்ணீரில் தத்தளித்துக்கொண்டே அவர் அடுத்த வியூகத்தின் பெயரைக் கத்தினார், கரையிலிருந்த தம்பி கயிற்றை வீசினான்.

ஆட்டம் முடிந்து பகடைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தபோது தோழி ஒரு நோட்டை நீட்டினாள். அவள் கேட்கும் மருத்துவச்சி கிளாஸ், அவளே எழுதியது, ஆறு பக்கம். டாக்டர்கள் கையெழுத்தைப் படித்துப் படித்து அவள் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது. இதுவரை ஒன்றரைப் பக்கம்தான் புரிந்திருக்கிறது.