அட்டன் மழையில் ஒரு டிராகன் டெக்: லத்லிஸை நான்காவது சுற்றிலேயே இறக்கிய கதை

ஆறு மானா. மெஜிக் த கெதரிங் என்ற கார்ட் ஆட்டத்தில் ஒரு கார்டைப் போடக் கொடுக்கவேண்டிய சக்திதான் மானா. நான் கட்டிய டிராகன் டெக்கில் (கார்ட் கட்டில்) இதுவரை செய்த மாற்றம் எல்லாமே இந்த ஆறு மானாவைச் சுற்றித்தான்.

டெக்கின் தலைவி லத்லிஸ், டிராகன்களின் ராணி. 2018இல் வந்த கோர் செட் 2019 தொகுப்பைச் சேர்ந்தவள். அவளைப் போட ஆறு மானா வேண்டும். 6/6, அதாவது அடிக்கும் பலம் ஆறு, தாங்கும் பலம் ஆறு. பறப்பவள். அவள் மேசையில் இருக்கும்போது டோக்கன் (டெக்கில் இல்லாமல் ஆட்டத்தில் உருவாகும் துணை) அல்லாத இன்னொரு டிராகன் என் பக்கம் வந்தால், கூடவே 5/5 டிராகன் டோக்கன் ஒன்றும் வந்து நிற்கும். ஒன்று போட்டால் இரண்டு. இதைப் படித்த அன்றே வேறு தலைவர்களைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

நாங்கள் ஆடுவது கமாண்டர் முறை. தலைவரோடு சேர்த்து 100 கார்ட். மானா தரும் அடிப்படை லேண்ட் கார்ட் தவிர எதுவும் இரண்டாவது தடவை வரக்கூடாது. ஆளுக்கு 40 உயிர். ஒரே கமாண்டரின், அதாவது தலைவரின், கையால் 21 அடி வாங்கினால் உயிர் எவ்வளவு மீதி இருந்தாலும் வெளியே. இந்த 21க்குப் பின்னாலும் டிராகன்தான் இருக்கிறது. 1994இல் வந்த லெஜண்ட்ஸ் தொகுப்பின் ஐந்து மூத்த டிராகன்களைத் தலைவராக வைத்துத்தான் இந்த முறை ஆரம்பமானது. ஐந்துமே 7/7. மூன்று அடி விழுந்தால் கணக்கு முடிந்தது. கமாண்டரில் டிராகன் டெக் கட்டுவதை நான் சொந்த ஊருக்குப் போவது மாதிரிதான் நினைக்கிறேன்.

போயா (பௌர்ணமி) லீவு நாட்களில் அட்டனில் எங்கள் வீட்டில் நாலு பேர் கூடுவோம். பெரியம்மா மகன் அண்ணன், அவரோடு பேராதனை கம்பஸில் படித்த கூட்டாளி, டிக்கோயாவிலிருந்து பஸ் பிடித்து வரும் தம்பி ஒருவன், நான். அண்ணன் ஆடுவது நீல நிற டெக்: எதைப் போட்டாலும் மறுப்பார். கம்பஸ் அண்ணன் பச்சை: குட்டி எல்ஃப்களால் மேசையை நிரப்புவார். தம்பி வெள்ளை, கறுப்பு இரண்டும் கலந்து ஆடுவான்.

நான் சிவப்பு மட்டும். ஐந்து நிறத்திலும் டிராகன் இருக்கிறது, ஐந்தையும் கலந்து கட்டுபவர்களும் நிறையப் பேர். ஆனால் அதற்கு நல்ல லேண்ட்கள் வேண்டும், அவைதான் விலை. தனிச் சிவப்புக்கு, சிவப்பு மானா தரும் அடிப்படை லேண்டான மவுண்டன் போதும். மலைநாட்டுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 38 மவுண்டன் கார்டுக்கும் எங்கள் மலைகளின் படங்களையே போட்டேன். நான் எடுத்ததும் கூட்டாளிகள் அனுப்பியதுமாகச் சேர்த்த படங்கள். 2,524 மீட்டர் பிதுருதலாகல, 2,243 மீட்டர் சிவனொளிபாதமலை, எல்ல மலை, இவற்றோடு பெயர் தெரியாத எத்தனையோ தேயிலை மலைகள்.

ஒரு கார்டின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். லேண்ட் தவிர்ந்த 62 கார்டுக்கு ஏழு தாள். மவுண்டன்களுக்கு ஐந்து தாள், அதில் மிஞ்சிய ஏழு இடத்திலும் 5/5 டோக்கன்கள். டவுனில் இருக்கும் கொமியூனிகேஷன் கடையில் கலர் பிரின்ட் எடுத்து, வெட்டி, பழைய கார்டுகளுக்கு முன்னால் செருகி ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போட்டோம். நாலு பேரும் ஒத்துக்கொண்டுதான் இப்படி ஆடுகிறோம். அதிகாரபூர்வப் போட்டிகளில் இந்தப் பிரின்ட் செல்லாது. வெட்டும்போது ஓரம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஸ்லீவுக்குள் கார்ட் வளைகிறது, கலைக்கும்போது விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் கத்தரிக்கோலை வைத்துவிட்டு இரும்பு அடிமட்டமும் பிளேடும்தான் பாவிக்கிறேன்.

இனி மானா. முதல் வடிவத்தில் 30 டிராகன் இருந்தன. படங்களைப் பார்க்கவே சந்தோஷம்தான், ஆனால் லத்லிஸ் வர ஆறாவது, ஏழாவது சுற்றாகும். அதற்குள் எல்ஃப்கள் ஊரையே பிடித்துவிடும். டிராகன்களை 22ஆகக் குறைத்து, மானா தருபவை, டிராகன் விலையைக் குறைப்பவை என்று 14 கார்ட் வைத்தேன். சொல் ரிங், மைன்ட் ஸ்டோன், ஃபயர் டயமண்ட், டிராகன்ஸ் ஹோர்ட் எல்லாம் இந்த வகை. இரண்டு மானாவுக்கு வரும் டிராகன்லோர்ட்ஸ் சேர்வன்ட் ஒவ்வொரு டிராகன் விலையிலும் ஒன்றைக் கழிக்கும். மூன்று மானாவுக்கு வரும் டிராகன்ஸ்பீக்கர் ஷாமன் இரண்டைக் கழிக்கும். எனக்கு இந்த ஷாமன்தான் டெக்கின் உயிர்நாடி. மூன்றாவது சுற்றில் அவர் வந்தால், நான்காவது சுற்றில் நாலு மவுண்டனுக்கே லத்லிஸ் வந்துவிடுவாள். அவள் செத்துத் திரும்பக் கூப்பிடும்போது கூடுகிற இரண்டு மானாவும் அவரால் சரியாகிவிடும்.

எட்டு டிராகன்களை வெளியே எடுக்க மனசு கேட்கவேயில்லை. நான் வைத்த அளவுகோல் இது: வரும்போதோ தாக்கும்போதோ ஏதாவது செய்தால் இருக்கட்டும், வெறும் பெரிய உடம்பு என்றால் வெளியே. எட்டு மானா உட்வாரா ஹெல்கைட் தங்கியது, ஏனென்றால் என் டிராகன் ஒவ்வொன்றும் தாக்கும்போது ஒரு 6/6 டிராகனைத் தரும். ஷிவன் டிராகனுக்கு மட்டும் அளவுகோலைத் தளர்த்தினேன். 1993இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருந்த டிராகன் அது. மெலிசா பென்சன் வரைந்த அந்தப் பழைய படம் இல்லாமல் டிராகன் டெக் கட்ட எனக்கு மனமில்லை.

மாற்றிய பிறகு ஆடியதில் ஒரு ஆட்டத்தை எழுதியே ஆகவேண்டும். மூன்றாவது சுற்றில் ஷாமன் வந்துவிட்டார். நான்காவது சுற்றில் லத்லிஸைப் போடலாமா என்று யோசித்தேன். அண்ணன் இரண்டு ஐலண்டை (நீல லேண்ட்) சாய்க்காமல், அதாவது அவற்றின் மானாவைச் செலவழிக்காமல் வைத்திருந்தார். போடும் கார்டை மறுக்கும் கவுன்டர்ஸ்பெல் கையில் என்றால் அவ்வளவுதான். பெரியப்பா 304 சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர், எதிராளி முகத்தைப் பார்த்தே கையைக் கணிப்பவர். இந்த ஆட்டத்தின் சட்டம் ஒன்றும் தெரியாமலே பக்கத்தில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தவர், "அவன்கிட்ட ஒண்ணும் இல்லடா தம்பி, சும்மா முறைக்கிறான். நீ போடு" என்றார். போட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஐந்தாவது சுற்று, ஐந்து மவுண்டன். இரண்டுக்கு டிராகன் டெம்பெஸ்ட்: பறப்பவை வந்த உடனே தாக்கலாம், டிராகன் வரும்போதெல்லாம் என் டிராகன் எண்ணிக்கை அளவுக்கு அடி விழும். மிச்சம் மூன்றுக்கு, ஷாமன் தயவில், ஸ்கோர்ஜ் ஒஃப் வல்காஸ் என்ற டிராகன். அதுவும் அதே அடியைக் கொடுப்பது.

இங்கேதான் வரிசையைக் கவனிக்கவேண்டும். ஸ்கோர்ஜ் வந்ததும் லத்லிஸ், டெம்பெஸ்ட், ஸ்கோர்ஜ் மூன்றின் வேலையும் ஒன்றாகக் கிளம்பும். எது முன், எது பின் என்பது என் கையில். அடிகளை முதலில் முடித்தால் டிராகன் இரண்டுதான்: 2, 2. பிறகு டோக்கன் வந்து 3, 3. மொத்தம் 10. லத்லிஸின் வேலையை முதலில் முடித்தாலோ டோக்கன் வந்துவிடும், டிராகன் மூன்று. நாலு அடியும் மூன்று மூன்றாக விழும். மொத்தம் 12. மூன்று அடியை எல்ஃப்கள் மேல் பிரித்துப் போட்டேன், நாலாவது அண்ணன் மேல். அதோடு லத்லிஸ் 6, டோக்கன் 5, ஸ்கோர்ஜ் 4 என்று 15க்கு வானத்தால் அடி, கம்பஸ் அண்ணனுக்கு. பறப்பவற்றைத் தடுக்க அவரிடம் ஒரு எல்ஃபும் இல்லை. தம்பி கதிரையை விட்டு எழும்பியே விட்டான்.

அந்த ஆட்டத்தை நான் வெல்லவில்லை. அடுத்த சுற்றிலேயே மூன்று பேரும் சேர்ந்து என்மேல் திரும்பினார்கள். இந்த டெக்கில் அது எப்போதும் நடக்கும், எனக்கு அதில் குறையே இல்லை. ஒன்றையொன்று இயக்கிக்கொண்டே போகும் முடிவில்லாத சுழற்சிக் கூட்டு எதையும் நான் சேர்க்காமல் இருப்பதும் இதற்காகத்தான். டிராகன் வரவேண்டும், பறக்கவேண்டும், அடிக்கவேண்டும், எல்லாரும் அண்ணாந்து பார்க்கவேண்டும்.

மழைக்காலம் பற்றி ஒன்று. டுபாயில் வேலை செய்யும் சித்தப்பா மகன் பளபளப்பான அசல் லத்லிஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அது வளைய ஆரம்பித்தது. தாள் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, மேலே இருக்கும் பளபளப்புப் படலம் விரிவதில்லை, அதனால்தான். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னில் அவற்றோடு வைத்தேன். ஓரளவு நிமிர்ந்துவிட்டது. அட்டன் பக்கம் யாராவது பளபளப்பு கார்ட் வைத்திருந்தால் டின் தேடிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாற்றமும் முடிவாகிவிட்டது. தண்டர்பிரேக் ரீஜன்ட் இன்னும் டெக்கில் இல்லை. நாலு மானாவுக்கு 4/4, என் டிராகனை யாராவது குறிவைத்தால் அவருக்கே மூன்று அடி. தம்பி லத்லிஸைக் குறிவைத்து விரட்டிக்கொண்டே இருப்பதால் அது கட்டாயம் வேண்டும். வெளியே போவது யார் என்பதில்தான் இழுபறி: ஷிவனை எடு என்கிறார் அண்ணன், நான் டிராகன்களுக்குப் பலம் கூட்டும் குருசிபிள் ஒஃப் ஃபயரை எடுக்கப் பார்க்கிறேன்.