யார் ஏற்றுக்கொண்டார், யார் பணம் தருவார்

பிரெஞ்சு வாடிக்கையாளர்களின் மென்பொருள் சோதனை, பராமரிப்பு ஆவணங்களை ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. சோதனை செய்கிறவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் எழுதியதை நம்பித்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். அதனால் அகராதியைத் திறப்பதற்கு முன், இந்தச் சோதனையை யார் நடத்துகிறார், முடிவில் யார் கையெழுத்துப் போடுகிறார், அப்புறம் செலவு யார் தலையில் விழும் என்று பார்த்துக்கொள்வேன்.

'ரெசெத்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் சமையல் குறிப்பு என்றும் வரும், வரவு என்றும் வரும். மென்பொருள் உலகில் பெரும்பாலும் அக்செப்டன்ஸ் டெஸ்டிங், அதாவது வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வதற்கான சோதனை, என்று எழுதினால் சரி. ஆனால் தயாரித்த நிறுவனம் ஒப்படைப்பதற்கு முன் தன் இடத்திலேயே நடத்தும் சோதனைக்கும் 'ரெசெத் அன்தெர்ன்' என்றுதான் பெயர். அங்கே வாடிக்கையாளர் இன்னும் எதையும் பார்த்திருக்கவே மாட்டார். அதையும் அக்செப்டன்ஸ் என்று எழுதினால், அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். அந்த இடத்தில் இன்டர்னல் டெஸ்டிங் என்றே போடுவேன்.

பிரான்ஸ் அரசு ஒப்பந்தங்களில் ஏற்பு ஒரே நாளில் முடிவதில்லை. தகவல் தொழில்நுட்பக் கொள்முதலுக்கென 2009இல் வந்து 2021இல் புதுப்பிக்கப்பட்ட பொது நிபந்தனைகளில் இரண்டு படிகள் உண்டு. மென்பொருள் சொன்னபடி இயங்குகிறதா என்பது முதல் படி. அன்றாடப் பயன்பாட்டில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்பது அடுத்தது. இவற்றுக்கு ஆங்கிலத்தில் கச்சிதமான இணை இல்லை. இந்தப் படிகளின் பிரெஞ்சுச் சுருக்கப் பெயர்களை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

பராமரிப்பில் யார் பணம் தருவார் என்ற கேள்வி நேரடியாகவே வந்துவிடும். 'கொரெக்தீவ்' என்றால் பிழை திருத்துவது. உத்தரவாதக் காலத்தில் பொதுவாகத் தனிக் கட்டணம் இருக்காது. 'எவொலுதீவ்' என்றால் புதிதாகச் சேர்ப்பது. அதற்குத் தனிச் செலவு மதிப்பீடு போவது வழக்கம். இரண்டாவதை என்ஹான்ஸ்மென்ட் என்று எழுதினால்தான் ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும்.

பெரிய சொற்களாவது நம்மை எச்சரிக்கும். சின்னச் சொற்களிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு சோதனைப் படியில் 'எச்சரிக்கைச் செய்தி எவான்துயெல்மான் தோன்றும்' என்று இருந்தால், தோன்றலாம், தோன்றாமலும் போகலாம் என்று பொருள். ஒலியை வைத்து இவென்ச்சுவலி என்று எழுதினால், கடைசியில் தோன்றியே தீரும் என்றாகிவிடும். சோதிப்பவர் காத்திருந்து பார்த்துவிட்டு ஃபெயில் என்று குறிப்பார், டெவலப்பர் இல்லாத பிழையைத் தேடுவார். நான் மே அப்பியர் என்று எழுதி, எந்த நிலையில் தோன்றும் என்று ஆவணத்தை எழுதியவரிடமே கேட்டுவிடுவேன்.