ஏழாவது வளைவு

ஆகஸ்ட் 3, சனி

அடிவாரம் வரை ஒரு குறையும் இல்லை. ஏழாவது கொண்டை ஊசியில் ஆக்சிலரேட்டரைத் தணித்துத் திரும்பி, நிமிர்த்தி மறுபடி முறுக்கினால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் என் பழைய புல்லட் தொய்ந்துவிட்டது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. உறுமல்தான் கனத்தது, வேகம் ஏறவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஏற்காடு போகும் கூட்டம் வேறு. வேன் ஜன்னலிலிருந்து ஒரு சிறுவன் எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனான்.

ஓரம் கட்டி அணைத்து, மறுபடி உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது. நின்ற இடத்தில் எப்போதும்போல் துப் துப் என்று சீராக அடிக்கிறது. ஏறத்தான் மாட்டேன் என்கிறது.

திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டேன். இறக்கத்தில் எந்த வண்டிதான் ஓடாது?

மேலே, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கும் மனைவிக்குப் போன் செய்து வரமுடியவில்லை என்று சொன்னேன். "வண்டிக்கு எத்தனையாவது மாதம்?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையிலிருந்து வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டேன்; தாராளமாகக் கொட்டுகிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று உறிஞ்சும் சத்தம் வரவேண்டும். வரவில்லை. பிளக் நல்ல பழுப்பு நிறம். கார்புரேட்டரைப் பிரித்து மெயின் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், துளை சுத்தம். பின்சக்கரம் தடையில்லாமல் சுழல்கிறது, அதனால் பிரேக் பிடிக்கவில்லை. கிளட்ச் நழுவினால் இன்ஜின் வீணாக அலறும். இது அலறவில்லை, முனகியது. சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரசரைத் தொடாமல் கிக்கர்மேல் ஏறி நின்றேன். என் எழுபத்தெட்டுக் கிலோவை நன்றாகவே தாங்கிப் பிடித்தது. ஆக, கம்ப்ரஷனும், அதாவது உள்ளழுத்தமும், இருக்கிறது.

எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். "வித்துவிடு" என்பதை அவர் வாயால் சொல்வதில்லை, நாக்கைச் சப்புக்கொட்டுவதோடு சரி.

ஆகஸ்ட் 5, திங்கள்

பஸ். உட்கார இடம் கிடைத்தது. இருந்தாலும் பஸ்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாலையில் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சைலென்சரைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டினார்கள். தெரு நாய்கள் எல்லாம் எழுந்ததுதான் மிச்சம். திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் பாயின்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தார்கள், 0.38 மி.மீ., இருக்கவேண்டிய அளவுக்குள்தான். கண்டென்சரை மாற்றினார்கள். பொறி நீலமாக வெடிக்கிறது. பொறி விழும் நேரம், அதாவது டைமிங், பார்த்தார்கள், அதுவும் சரி. கடைசியில் மெக்கானிக் தம்பி கையைத் துடைத்துக்கொண்டே, "சிலிண்டர் போர் தேய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங்கோடு பிரித்துச் செய்துவிடலாம்" என்றார். பதினான்காயிரம் ரூபாய்.

தேய்மானம் என்பது ஒரே வளைவில் நடக்கிற காரியமா? ஆறாவது வளைவு வரை இழுத்த பிஸ்டன் ஏழாவதில் கிழடாகிவிட்டதா? கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப்பின் கழுத்து நீலமாகியிருக்கிறது. மயில்கழுத்து நீலம். முன்பு இப்படி இருந்ததா?

ஆகஸ்ட் 8, வியாழன்

மேலே மழையாம். கால் வீக்கம் குறையவில்லை என்று அத்தை சொன்னார். நான் வளைவுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் இருபது. நடுராத்திரியில் வலி எடுத்தால், மழையில், இருபது. குப்பனூர் வழியாகவும் இறங்கலாம் என்கிறார் மாமா. அது சுற்று இல்லையா என்றால், "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மாப்பிள்ளை" என்கிறார். இந்தப் பதிலுக்குமேல் மாப்பிள்ளை என்ன பேச முடியும்?

பைப்பில் ஜூலை வரை அந்த நீலம் இல்லை. வளைகாப்பு அன்று எடுத்த போட்டோவில் வண்டி ஓரமாக நிற்கிறது, பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். வெள்ளி மாதிரி மின்னுகிறது. போட்டோவில் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 10, சனி. இரவு 1.20

தூக்கம் வரவில்லை. பைப் ஏன் நீலமாக வேண்டும்? அளவுக்குமேல் சூடு. அங்கே ஏன் சூடு? உள்ளே எரிந்து முடிய வேண்டியது வெளியே போகும் வழியில் எரிகிறது. அப்படியென்றால் பொறி தாமதமாக விழுகிறது. பந்தியில் ஆள் எழுந்த பிறகு இலையில் பாயசம் ஊற்றுகிற கதை.

ஆனால் டைமிங் சரி என்று பார்த்தாயிற்றே? பார்த்தது எப்போது? வண்டி நிற்கும்போது! கிக்கும் ஐடிலும் கெடாமல் இருந்ததும் இதனால்தான். மெதுவாகச் சுற்றும்போது பொறி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தால் போதும். வேகம் கூடக் கூட எரிந்து முடிக்க அவகாசம் குறைகிறது, ஆகவே பொறி இன்னும் முந்த வேண்டும். முந்தவைப்பதற்குப் பாயின்ட் தட்டுக்கு அடியில் இரண்டு எடைகள் இருக்கின்றன. சுற்றுகிற வேகத்தில் அவை விரிந்து, பாயின்டைத் திறக்கும் கேமை முன்னால் திருப்பிவிடும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஏழாவது வளைவில் நான் ஆக்சிலரேட்டரைத் தணித்தேன். பின்னால் போன கேம், மறுபடி முன்னால் வரவில்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சிலிண்டருக்குப் பின்னாலிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். கேமை இரண்டு விரலால் திருகிப் பார்த்தேன். கொஞ்சம் திரும்பி, விட்டதும் டிக்கென்று பழைய இடத்துக்கு ஓடவேண்டும். அசையவே இல்லை. கல் மாதிரி.

நடுராத்திரியில் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதே நாள், மாலை

தட்டைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கேம் தண்டிலிருந்து உருவி வந்தது. காய்ந்துபோன கிரீஸ், காப்பித்தூள் நிறத்தில் துரு. மெல்லிய எமரியால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று, கூடினால் பாயின்டில் தெறித்து அது வேறு வம்பு. மாட்டிவிட்டுத் திருகினேன். டிக். மறுபடி திருகினேன். டிக். எத்தனை முறை திருகினேன் என்று எழுதினால் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

துரு எங்கிருந்து வந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வளைகாப்புக்கு முதல்நாள் வாட்டர் சர்வீஸ் பையனிடம், "இன்ஜின் சந்திலெல்லாம் நன்றாக அடி தம்பி" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்தான். மாமியார் வீட்டு வாசலில் பளபளவென்று நிற்க வேண்டுமே. திருவொற்றியூரில் 1994இல் பிறந்த வண்டி, முப்பது வருடத்து மழையில் ஆகாதது என் பெருமையில் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோரிமேடு வரை ஓட்டினேன். அந்தச் சின்ன ஏற்றத்தில் நாலாவது கியரிலேயே இழுக்கிறது. சந்தோஷத்தில் டீக்கடைக்காரரிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். "சர்க்கரை போடவா?" என்று கேட்டார்.

மலை ஏறவில்லை. இருட்டிவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

அலுவலகத்தில் இருக்கும்போது மாமா போன் செய்தார். காலையில் செய்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகமாம், கீழே சேலத்திலேயே இருப்பது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காரில் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்றார். எத்தனையாவது வளைவு என்று கேட்டேன். "என்ன மாப்பிள்ளை?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய். ஆஸ்பத்திரி

அழுத்தம் இறங்கியிருக்கிறது. தூங்குகிறாள். கால் விரல்கள் வீங்கி, மெட்டி அழுந்திய இடம் சிவந்திருக்கிறது. மெட்டியைச் சோப்பு போட்டுத்தான் கழற்றினார்களாம். அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்.

காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி: "ஏறுகிறதா?"

"சமதரையில் நன்றாகப் போகிறது" என்றேன்.

"நான் கேட்டது அதையல்ல" என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

நீலம் போகவில்லை. அது போகாது, இரும்பு சுட்ட நிறம்.

நாளை விடிவதற்குள் ஏழாவது வளைவு வரை மட்டும் போய் வரவேண்டும். அத்தையிடம் பால் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.